ஓட்டத் தெரியாதவர்கள் பாடிய கார் பாட்டுகள்

கேள்வி | 6 பிப்ரவரி 2024

ஞாயிறு இரவு கிராமி மேடையில் டிரேசி சாப்மனும் லூக் கோம்ப்ஸும் சேர்ந்து, சாப்மனின் பழைய பாட்டான 'ஃபாஸ்ட் கார்' பாடியதைப் பார்த்ததிலிருந்து கார் பாட்டாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வண்டி ஓட்டும் சுதந்திரத்தைச் சொன்ன பழைய ராக் பாட்டுகளில், ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் 'பார்ன் டு பி வைல்ட்'டை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. வண்டியில் ஊறிப்போனவனால்தான் அப்படிப் பாட முடியும். என் ஓட்டு அதற்கே. அண்ணா, உங்கள் ஓட்டு எதற்கு?

6 பிப்ரவரி, இரவு

ஓட்டுப் போடுவது இருக்கட்டும் தம்பி, ஓட்டுவதைப் பற்றி முதலில் பேசுவோம். அந்தப் பாட்டைப் பாடிய ஜான் கே, சட்டக் கணக்கில் பார்வையற்றவர். பிறவியிலேயே நிறம் தெரியாது, வெளிச்சம் கண்ணைக் கூசும். மேடையில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்பது வெறும் ஸ்டைலுக்காக இல்லை. சின்ன வயதில் அம்மாவோடு கிழக்கு ஜெர்மனி எல்லையைத் தாண்டி வந்தவர். விடுதலை என்றால் என்னவென்று தெரியும். ஆனால் வண்டியில் ஊறியவர் என்று சொல்ல முடியாது.

எழுதியவர் வேறு ஆள், மார்ஸ் பான்ஃபயர். ஹாலிவுட் புலிவார்டில் நடந்து போகும்போது ஒரு போஸ்டர் கண்ணில் பட்டது. பூமியைப் பிளந்துகொண்டு, எரிமலை கக்குவது மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள் வெளியே வருகிறது. அந்தச் சமயத்தில் அவர் முதல்முதலாகச் சொந்தமாக ஒரு கார் வாங்கியிருந்தார். செகண்ட் ஹேண்ட் ஃபோர்ட் ஃபால்கன். வீட்டில் பால் வாங்கப் போகிற ரகம். போஸ்டரும் ஃபால்கனும் சேர்ந்து பாட்டு ஆனது. 1968இல் வந்த பாட்டுக்கு அடுத்த வருடம் 'ஈஸி ரைடர்' படம் இரண்டு மோட்டார் சைக்கிளைக் கொடுத்தது. அதற்கப்புறம் யாருக்கும் ஃபால்கன் ஞாபகம் இல்லை.

'ஃபாஸ்ட் கார்' இந்தக் கணக்கில் சேராது. ராக்கும் இல்லை, சுதந்திரப் பாட்டும் இல்லை, சோகப் பாட்டு.

7 பிப்ரவரி

நேற்று எழுதியதைத் தூங்கி எழுந்து படித்தால் ஒரு சந்தேகம் வருகிறது. ஜான் கே ஒருவர்தானா, இல்லை இது ஒரு ஜாதியா? ஓட்டத் தெரியாமலேயே ஓட்டுவதைப் பாடுகிற ஜாதி?

எங்கள் ஊர்க்காரரை எடுத்துக்கொள்வோம். பதினெட்டு வருடமாக நியூ ஜெர்சியில் இருப்பதால் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்கிறேன், அவருக்குத் தெரியாது. 'பார்ன் டு ரன்', 'தண்டர் ரோடு', இரண்டும் 1975. 'ரேசிங் இன் த ஸ்ட்ரீட்', 1978. கார் இல்லாமல் அவர் பாட்டில் ஒருவன் காதலிக்கக்கூட மாட்டான். அந்த மனிதருக்கு இருபது வயது தாண்டியும் ஓட்டத் தெரியாது! நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் தனியாக மேடையேறியபோது அவரே இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

சுயசரிதையில் இன்னும் விவரமாக இருக்கிறது. ஒரு பழைய டிரக்கில் கலிஃபோர்னியாவுக்குப் போகிறார்கள். கூட வந்தவருக்கு ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது. இவருக்கோ கிளட்ச், கியர் எதுவும் புரியாது. அதனால் அவர் முதல் கியரில் வண்டியை நகர்த்திவிடுவார். அப்புறம் ஓடுகிற வண்டியிலேயே இடம் மாறி உட்கார்ந்து, மீதியை இவர் பார்த்துக்கொள்வார். முதல் கியர் மட்டும் அடுத்தவர் கையில். இப்படி ஒரு கண்டத்தையே கடந்திருக்கிறார்கள்.

7 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

"அப்புறம் கற்றுக்கொண்டார்தானே?" என்று கீழே கேட்டிருக்கிறீர்கள். கற்றுக்கொண்டார். 'தெரியாது' என்பதை 'அப்போது தெரியாது' என்று திருத்திப் படிக்கவும்.

8 பிப்ரவரி

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏன் இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை என்று புரியும்.

2006இல் இங்கே வந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. ஊரில் சைக்கிள், அப்புறம் டிவிஎஸ் 50, அதோடு சரி. இங்கே கார் இல்லாமல் தயிர் வாங்க முடியாது. ஓட்டுநர் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். இரண்டுமே பேரலல் பார்க்கிங். முதல் தடவை ஆரஞ்சு நிறக் கூம்பைச் சாய்த்தேன். இரண்டாவது தடவை கூம்புக்குப் பயந்து நடைபாதைக் கல்லில் ஏற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் பேசவில்லை. அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார்.

என் மனைவி முதல் தடவையிலேயே பாஸ். ஆகவே முதல் இரண்டு வருடம் அவள் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில். சிடி மாற்றுவது, வழி சொல்வது, தப்பாகச் சொல்லித் திட்டு வாங்குவது எல்லாம் என் இலாகா. 'பார்ன் டு ரன்' பாட்டில் வருகிற அதே 9ஆம் நம்பர் சாலையில், ஸ்பிரிங்ஸ்டீன் வளர்ந்த ஃப்ரீஹோல்ட் பக்கம் போகும்போது, அந்தப் பாட்டைச் சத்தமாக வைத்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் சொன்னாள்: "சத்தத்தைக் குறைங்க, லேன் மாறணும்."

அந்தச் சாலையைப் பார்க்காதவர்களுக்கு: பாட்டைக் கேட்டால் அடிவானம் வரைக்கும் திறந்து கிடக்கும் என்று தோன்றும். நேரில் சிக்னலுக்கு மேல் சிக்னல், மெத்தைக் கடை, டோனட் கடை, பழைய கார் விற்கிற இடம். இடது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் பல இடங்களில் வலது பக்கம் ஒதுங்கி, ஒரு குட்டிச் சாலையில் வளைந்து வந்து, நேர் குறுக்கே போக வேண்டும். ஜக்ஹேண்டில் என்று பெயர், குடத்துக் காது மாதிரி இருப்பதால். பெட்ரோலையும் நாமே போட்டுக்கொள்ளக் கூடாது, 1949இலிருந்து சட்டம் அப்படி. நாடு முழுக்க இந்த ஒரு மாநிலத்தில்தான் இன்னும் இப்படி. சுதந்திரம் பாடிய ஊரில் நேராக இடது பக்கம் திரும்பவும் வழியில்லை, சொந்தக் கையால் டேங்க் நிரப்பவும் வழியில்லை.

என் லைசென்ஸின் ஆயுள் வேறு விசாவின் தேதியோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. விசா முடிகிற அன்றைக்கே லைசென்ஸும் செத்துப்போகும். ஒவ்வொரு தடவையும் காகிதக் கட்டோடு வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். இதைப் பற்றி யாரும் ராக் பாட்டு எழுதவில்லை.

8 பிப்ரவரி

ஸ்பிரிங்ஸ்டீன் 'பார்ன் டு ரன்' என்ற அந்த ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்ய ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். பாட்டு நாலரை நிமிடம். இரண்டு தடவை ஃபெயிலான எனக்கு இதில் ஒரு ஆறுதல்.

11 பிப்ரவரி

'ஹைவே ஸ்டார்' ஏன் இல்லை என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். டீப் பர்ப்பிள், 1972, 'மெஷின் ஹெட்' ஆல்பத்தின் முதல் பாட்டு. இருக்கட்டும், ஆனால் அது எங்கே பிறந்தது தெரியுமா? பஸ்ஸில்! 1971இல் போர்ட்ஸ்மத் நிகழ்ச்சிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, கூட வந்த பத்திரிகையாளர் ஒருவர் "எப்படிப் பாட்டு எழுதுகிறீர்கள்?" என்று கேட்டார். "இப்படித்தான்" என்று ரிச்சி பிளாக்மோர் அக்கவுஸ்டிக் கிதாரை எடுத்துத் தட்ட ஆரம்பிக்க, இயன் கில்லன் வாய்க்கு வந்ததைப் பாட, அன்று இரவே மேடையில் வாசித்துவிட்டார்கள். ஓட்டியது யாரோ ஒரு டிரைவர். உலகத்திலேயே வேகமான கார் பாட்டு பஸ் சீட்டில் எழுதப்பட்டது.

இக்கி பாப் இந்த விஷயத்தில் நேர்மையானவர். லைசென்ஸும் இல்லை, வண்டியும் இல்லை, டேவிட் போவியின் காரில் சுற்றிக்கொண்டிருந்தார். பாட்டுக்குப் பெயரே 'த பாசஞ்சர்' என்று வைத்துவிட்டார். 1977. ஜன்னலில் ஊரைப் பார்த்துக்கொண்டு போவதுதான் பாட்டு முழுக்க. என் ஓட்டு இதற்கு என்று இப்போதைக்கு எழுதிவைக்கிறேன்.

12 பிப்ரவரி

குயீன் ரசிகர் ஒருவர் 'ஐ'ம் இன் லவ் வித் மை கார்' என்று எழுதியிருக்கிறார். டிரம்மர் ராஜர் டெய்லர் எழுதியது, கடைசியில் உறுமுவது அவருடைய ஆல்ஃபா ரோமியோவேதான். அதில் சுதந்திரத்தை விட லாபம் அதிகம். 'பொஹீமியன் ராப்சடி' இசைத்தட்டின் பின்பக்கத்தில் அதைப் போட்டார்கள், பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் ஒரே ராயல்டி. ஃப்ரெடி மெர்க்குரியின் தலைப்பாட்டு விற்க விற்க, கார் காதலருக்கும் அதே காசு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவதில் இது உச்சம்.

15 பிப்ரவரி

சக் பெர்ரியை விட்டுவிட்டு இத்தனை தூரம் வந்தது தப்பு. எல்லாருக்கும் முன்னால் கார் பாட்டுக்கு இலக்கணம் எழுதியவர் அவர்தான். 'மேபலின்', 1955. வி-8 ஃபோர்டில் ஒருவன், முன்னால் கேடிலாக்கில் காதலி. ஃபோர்ட் சூடாகி மூச்சுவாங்குகிறது, விட்டுவிடும் போலிருக்கிறது. அப்போது மழை பிடிக்கிறது. மழைத் தண்ணீர் பானெட்டுக்குள் அடித்து என்ஜின் சூட்டைத் தணிக்க, ஃபோர்ட் மறுபடியும் சீறுகிறது. மழையில் காதல் பாடிய கவிஞர் ஆயிரம் பேர். மழை ரேடியேட்டருக்கு நல்லது என்று பாடியவர் இவர் ஒருவர்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது 'ப்ராமிஸ்ட் லேண்ட்', 1964. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஒருவன் போகிறான். பஸ், ரயில், கடைசியில் விமானம். வரிசையாக ஊர்ப் பெயர்கள். இதை அவர் எழுதியது சிறையில். வழி சரியாக வர வேண்டும் என்று சிறை நூலகத்தில் நிலப்படம் கேட்டிருக்கிறார். கைதி மேப் கேட்டால் அதிகாரிகளுக்கு என்ன தோன்றும்? தரத் தயங்கினார்களாம். பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து, விரலால் மேப்பில் நாடு முழுக்கப் போயிருக்கிறார்.

அந்த ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். சார்லட்டில் நிற்கிற பஸ், ராக் ஹில்லில் நிற்காமல் போகிறது. அலபாமாவில் பாதி வழியில் பழுதாகி, பர்மிங்ஹாமில் மாட்டிக்கொள்கிறான். இது ஏதோ எதுகைக்காகப் போட்ட ஊர் என்றுதான் நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். 1961 மே மாதம், பஸ்ஸில் கறுப்பர், வெள்ளையர் சேர்ந்து உட்காரலாம் என்ற உரிமையைக் காட்டக் கிளம்பிய ஃப்ரீடம் ரைடர்கள் முதலில் அடிவாங்கியது ராக் ஹில்லில். அலபாமாவில் ஆனிஸ்டன் அருகே அவர்களுடைய கிரேஹவுண்ட் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். அதே நாள் பர்மிங்ஹாம் பஸ் நிலையத்தில் இன்னொரு கும்பல் காத்திருந்து அடித்தது. பாட்டில் வருகிற பஸ்ஸும் கிரேஹவுண்ட்தான், எழுதிய பெர்ரியும் கறுப்பர்தான். அவன் ராக் ஹில்லில் இறங்காமல் போனது சும்மா இல்லை.

சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை போன நெடுஞ்சாலையைப் பாடும் 'ரூட் 66' பாட்டும் இப்படித்தான். எழுதியது பாபி ட்ரூப், 1946இல் அதை ஊரறியப் பாடியவர் கறுப்பரான நாட் கிங் கோல். ரோலிங் ஸ்டோன்ஸ் 1964இல் தங்கள் முதல் ஆல்பத்தில் முதல் பாட்டாக வைத்தார்கள். அந்தக் காலத்தில் கறுப்பர்கள் எந்த ஊரில் சாப்பிடலாம், எங்கே படுக்கலாம் என்று சொல்ல 'கிரீன் புக்' என்று ஒரு கையேடு இருந்தது. ஹார்லமைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936இல் ஆரம்பித்தது. ஜாலியாகப் போகலாம் வா என்று கூப்பிட்ட குரலுக்கே, அந்தச் சாலையில் பல இடங்களில் ராத்திரி தங்க இடம் கிடைத்திருக்காது.

16 பிப்ரவரி

நேற்றைய குறிப்புக்குப் பின்குறிப்பு. 'ரூட் 66' பாட்டில் ஊர்கள் கிழக்கிலிருந்து மேற்காக வரிசை மாறாமல் வரும், ஒன்றைத் தவிர. வினோனா. அது ஃப்ளாக்ஸ்டாஃபுக்குக் கிழக்கே இருக்கிறது, பாட்டில் ஃப்ளாக்ஸ்டாஃபைத் தாண்டியபிறகு வருகிறது. அரிஸோனாவோடு எதுகை சேர வேண்டுமே! மறந்துவிடாதே என்று பாட்டிலேயே சொல்வது, ட்ரூப் தனக்கே சொல்லிக்கொண்டது போல இருக்கிறது.

17 பிப்ரவரி

மெக்கானிக் நண்பர் ஒருவர் தனிச்செய்தியில் பாடம் எடுத்துவிட்டார். 'ரேசிங் இன் த ஸ்ட்ரீட்' முதல் அடியில், 396 என்ஜின் போட்ட 69 மாடல் ஷெவர்லேக்கு 'ஃப்யூலி' ஹெட் (என்ஜினின் மேல்பாகம்) மாட்டியிருப்பதாகப் பாடுகிறார் ஸ்பிரிங்ஸ்டீன். அந்த ஹெட் சின்ன பிளாக் என்ஜினுக்கானது, 396 பெரிய பிளாக், பொருந்தவே பொருந்தாது. "உங்க ஊர்க்காரர் அந்த வண்டியை ஸ்டார்ட்டே பண்ணியிருக்க முடியாது சார்" என்கிறார். ஏழாம் தேதி நான் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

20 பிப்ரவரி

வேகம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க மணிக்கு 55 மைல்தான், நம் கணக்கில் 88 கிலோமீட்டர் சொச்சம், என்று சட்டம் வந்தது. 1995இல்தான் முழுதாக எடுத்தார்கள். சாமி ஹேகர் ஒரு நடு இரவில், நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, 62இல் போனதற்கு மாட்டிக்கொண்டார். கோபத்தில் எழுதியது 'ஐ கான்ட் டிரைவ் 55', 1984. வெறும் ஏழு மைல் கூடுதலுக்கு ஒரு ஹிட் பாட்டு. நான் ஒருமுறை அதே 55 சாலையில் 71இல் போய் மாட்டினேன். அபராதமும் லைசென்ஸில் தண்டனைப் பாயிண்ட்டும்தான் கிடைத்தது. அப்போது பாடிக்கொண்டிருந்தது 'ரேடார் லவ்'. டச்சுக்காரர்கள் பாட்டு, 1973. நடுவில் டிரம்ஸ் ஏறுகிற இடத்தில் கால் தானாக அழுந்தும். மாஜிஸ்திரேட்டிடம் இதைச் சொல்லவில்லை.

24 பிப்ரவரி

கேரி நியூமனின் 'கார்ஸ்' இந்த இழையையே கவிழ்க்கிறது என்று எழுதியிருப்பவர் சொல்வது சரி. லண்டனில் யாரோ சண்டைக்கு வந்து காரிலிருந்து இழுக்கப் பார்த்ததில் பயந்து, எல்லாக் கதவையும் பூட்டிக்கொண்டு தப்பித்தார். அதிலிருந்து வந்த பாட்டு, 1979. கார் என்றால் போவதற்கு இல்லை, உள்ளே ஒளிந்துகொள்வதற்கு. குளிர்காலத்தில் வேலை முடிந்து வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புரியும்.

2 மார்ச்

என் கட்சிக்கு எதிர்க்கட்சியை நானே கண்டுபிடித்துவிட்டேன், சொல்லாமல் விட்டால் அழுகுணி ஆட்டம்.

ரஷ் குழுவின் 'ரெட் பார்கெட்டா', 1981. பாட்டில் பார்செட்டா என்றுதான் பாடுகிறார்கள், இத்தாலியத்தில் பார்கெட்டா. கார்களைச் சட்டம் தடை செய்துவிட்ட ஒரு எதிர்காலம். மாமாவின் பண்ணைக் கொட்டகையில் பழைய தட்டுமுட்டுச் சாமான்களுக்கடியில் மறைந்து கிடக்கும் பழைய சிவப்புக் காரை ஒரு பையன் வாரம் ஒருநாள் எடுத்து ஓட்டுகிறான். 1973இல் 'ரோடு அண்ட் டிராக்' பத்திரிகையில் வந்த ஒரு சிறுகதைதான் விதை. எழுதியவர் டிரம்மர் நீல் பியர்ட்.

இந்த ஆள் நிஜமாகவே ஓட்டியவர். 1997இல் அவருடைய ஒரே மகள் கார் விபத்தில் இறந்தாள். பத்தொன்பது வயது. பத்து மாதத்தில் மனைவி புற்றுநோயில் போய்விட்டார். பியர்ட் குழுவை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கனடா, அமெரிக்கா, மெக்சிகோ என்று 88,000 கிலோமீட்டர். ஊருக்கு ஊர், மோட்டலுக்கு மோட்டல். அதை ஒரு புத்தகமாகவும் எழுதினார். பிறகுதான் குழுவுக்குத் திரும்பினார்.

பதினாறு வருடம் முன்னால் எழுதிய பாட்டின் பையன் சந்தோஷத்துக்காக ஓட்டினான். எழுதியவர் உட்கார்ந்தால் தாங்காது என்பதற்காக ஓட்டினார். 'ஓட்டத் தெரியாதவர்கள்தான் பாடுகிறார்கள்' என்று நான் கெக்கலி கொட்டிக்கொண்டிருந்தது இதைப் படித்த இரவில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

3 மார்ச்

கூச்சத்தோடு கூச்சமாக இன்னொன்று. 'ஃபாஸ்ட் கார்' கணக்கில் சேராது என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா? வாபஸ்.

நேற்று வரிவரியாகக் கேட்டேன். காரின் சொந்தக்காரன் அவன். அவள் பக்கத்து இருக்கை. குடிகார அப்பா, விட்டுப்போன அம்மா, பாதியில் நின்ற படிப்பு. அவன் காரில் ஏறி வேறு ஊர் போனால் எல்லாம் மாறும் என்று நம்புகிறாள். போகிறார்கள். கடையில் பில் போடும் வேலை கிடைக்கிறது. அவனும் குடிக்க ஆரம்பிக்கிறான். கடைசியில் உன் காரை எடுத்துக்கொண்டு நீ போ என்று சொல்பவள் அவள்தான். இடையில் திரும்பத் திரும்ப ஒரே நினைவு: வேகமாகப் போகிற கார், ஊர் விளக்குகள், தோள் மேல் அவன் கை. அவள் கையில் ஸ்டியரிங் ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் ஓட்டுகிற சுகத்தை இவ்வளவு துல்லியமாக ஸ்டியரிங் பிடித்தவர்கள் யாரும் பாடவில்லை.

சின்ன வயதில் இதைச் சோகப் பாட்டு என்று தள்ளிவிட்டேன், ஏனென்றால் நான் கேட்டுவந்த பாட்டுகளில் பெண்கள் ஏறிக்கொள்ள மட்டும்தான் வருவார்கள். 'தண்டர் ரோடு'விலும் வா, ஏறு என்றுதான் கூப்பிடுகிறான். பீச் பாய்ஸ் 1964இல் ஒரு பெண்ணை ஓட்டவிட்டார்கள், 'ஃபன் ஃபன் ஃபன்', உடனே அப்பா வந்து தண்டர்பேர்ட் காரைப் பிடுங்கிக்கொள்கிறார். பீட்டில்ஸின் 'டிரைவ் மை கார்' தேவலை. அதில் அவள் அவனை டிரைவராக வைத்துக்கொள்கிறாள், ஆனால் அவளிடம் கார் இல்லை.

1988 ஜூன் 11, வெம்ப்ளியில் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாள் கச்சேரி. ஸ்டீவி வொண்டரின் கருவிக்கான டிஸ்க் காணாமல்போய், அவர் ஏற முடியாத இடைவெளியில் சாப்மனை மறுபடி மேடைக்கு அனுப்பினார்கள். ஒற்றைக் கிதார், இந்தப் பாட்டு. முப்பத்தைந்து வருடம் கழித்து லூக் கோம்ப்ஸ் பாடியபோது, கடையில் பில் போடும் பெண் என்ற சொல்லைக்கூட ஆணுக்காக மாற்றாமல் அப்படியே பாடினார். அது எனக்குப் பிடித்தது.

இக்கி பாப்புக்குப் போட்ட ஓட்டைத் திரும்ப வாங்கி இங்கே போடுகிறேன். கள்ள ஓட்டு என்று சொன்னாலும் சரி.

3 மார்ச், இரவு

என் மனைவி இந்த இழையைப் படித்துவிட்டாள். "ரெண்டு வருஷம் நான் ஓட்டினேனே, எனக்கு என்ன பாட்டு?" என்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். இங்கே யாராவது உதவவும், அவசரம்.

17 மார்ச்

உதவி வந்து சேரவில்லை. வேறு சேதி.

மகளுக்குப் பதினாறு முடிந்து, பழகுநர் லைசென்ஸ் வந்துவிட்டது. நம் எல் போர்டு மாதிரி இங்கே நம்பர் பிளேட்டின் மூலையில் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அதனால் நான் மறுபடி பழைய இருக்கைக்கு வந்துவிட்டேன். ஞாயிறு காலை, காலியான பள்ளி வளாகத்தில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, முதல்முறையாக 9ஆம் நம்பர் சாலைக்கு அழைத்துப் போனேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிழிகிறாள். 40 சாலையில் 31இல் போகிறாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான்.

இதற்காகவே ஒரு பட்டியல் தயார் பண்ணி வைத்திருந்தேன். 'பார்ன் டு ரன்' முதலில். டிரம்ஸ் உருண்டு வந்ததுதான் தாமதம்: "அப்பா, அதை நிறுத்துங்க. சிக்னல் தெரியல."

பாட்டு நாலு நொடி ஓடியிருக்கும். நிறுத்தினேன். இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது, இடது பக்கத்துக்கு. "இங்கே இடது பக்கம் போக முடியாதும்மா, வலது பக்கம் ஒதுங்கு" என்றேன்.